ஐம்பத்தஞ்சு நிமிஷம்

முத்தாரந்துறைக்கு ஏழு மாடிக் கப்பல் வர ஆரம்பித்த முதல் மாதம் வெள்ளைக்காரர்கள்தான் இறங்கினார்கள். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊருக்குள் ஒரு எட்டு வைக்காமல் துறைமுகக் கேட்டிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு நடந்து, ஒன்பது நாற்பது பாசஞ்சரில் ஏறி, ஐம்பத்தஞ்சு நிமிஷத்தில் திருநெல்வேலி போய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, நாலே முக்காலுக்குத் திரும்பி வந்து, ஆறு மணிக் கப்பலில் போய்ச் சேர்ந்தார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, அதே கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஊர்க்காரர்களாக இருந்தார்கள். ஊர்க்காரர்கள் என்றால், அந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்கள்; நாற்பது வருஷத்துக்கு முந்தைய புயலில் போனவர்கள், போன மாசி மாதம் போனவர்கள், எல்லாருமாக நூற்றுச் சொச்சம் பேர், உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு என்ன வயசோ அந்த வயசில், நரைத்தும் தொந்தி வைத்தும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் காலில் ஷூவும் கழுத்தில் நீல நாடாவில் தொங்குகிற அட்டையுமாக, சுற்றுலா வந்தவர்களுக்கே உரிய அசட்டுச் சிரிப்போடு இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

ஏன், எப்படி என்று கேட்ட ஒரே ஆள் தாசில்தார். அவரும் ஒரு வியாழக்கிழமை ஜீப்பில் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறு மாதமே மாற்றல் வாங்கிப் போய்விட்டார். ஊர் கேட்கவில்லை. கடல் கொடுத்ததை ஏன் கொடுத்தாய் என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது, எடுத்ததைத்தான் கேட்பார்கள், அதற்கும் பதில் வந்ததில்லை. ஊருக்கு இருந்த கவலையெல்லாம் வந்தவர்களை எப்படி நடத்துவது என்பதுதான், ஏனென்றால் வந்தவர்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, பெற்ற தாயைப் பார்த்து, "மேடம், டவுன் வண்டி எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டார்கள். அந்த ஸ்டேஷனில் இருப்பதே ஒரு பிளாட்பாரம்தான்.

முதல் நாளே சவேரியம்மாள் தாங்கமாட்டாமல், "ஏ மக்கா மரியான்!" என்று கத்திக்கொண்டு ஓடி மகனைக் கட்டிப்பிடித்தாள். மரியான் மரியாதையாகத்தான் நின்றான். ஆனால் பேர் காதில் விழுந்ததும் அவன் முகம் எதையோ தொலைத்தவன் முகமாயிற்று, சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, வண்டி கிளம்புவதற்குள் பிளாட்பாரத்தில் கொஞ்சம் கடல்தண்ணீரும் ஒரு ஜோடி ஷூவும்தான் மிச்சம். அடுத்த வியாழக்கிழமை மரியான் வரவில்லை, அதற்கு அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. ஊர்க்கமிட்டி கோயில் வாசலில் கூடிச் சட்டம் போட்டது: பேர் சொல்லக் கூடாது, முறை சொல்லக் கூடாது, தொடக் கூடாது, 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும், அவர்களே எதையோ ஞாபகம் வந்தாற்போலப் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச்சை மாற்றிவிட வேண்டும். தவக்காலத்தில் கறி தின்றவனைக்கூட மன்னித்துவிடுகிற ஊர், இதை மீறுகிறவனை மன்னிக்காது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இது புளிக்கவில்லை, ஆனால் பழகிவிட்டது. வியாழக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை, வியாழக்கிழமை கல்யாணம் வைப்பதில்லை. குடும்பம் குடும்பமாக டிக்கெட் எடுத்து அவரவர் ஆளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, போக ஐம்பத்தஞ்சு, வர ஐம்பத்தஞ்சு என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்வருவார்கள். வந்தவர்களுக்குப் பசி கிடையாது, தாகம்தான். ஸ்டேஷன் குழாயில் வாயை வைத்தால் எடுக்கமாட்டார்கள். "உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்று டீக்கடைக் குருசுமுத்து ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்லப்போய், எல்லார் முன்னாலும் அவன் பெண்டாட்டி கையாலேயே அறை வாங்கினான், மறுவாரம் அவனே இருபது குடம் நல்லதண்ணீர் கொண்டுவந்து வைத்தான். டவுனுக்குப் போனால் அவர்கள் கடைகண்ணி பார்ப்பதில்லை; தாமிரபரணிப் பாலத்தில் வரிசையாகச் சாய்ந்து நின்று, உப்பில்லாத தண்ணீர் இவ்வளவு போகிறதே என்று மூன்று மணிநேரம் பார்ப்பார்கள். டவுன்காரர்கள் ஏதோ கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். ஒரு தடவை ரயிலில் ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கி எதிரில் இருந்தவரிடம் காட்டினாள், "சார், எங்க பிள்ள." அவர் கன்னத்தைக் கிள்ளுவதுபோலக் காற்றில் விரலை அசைத்து, "அழகா இருக்கே, யாரு சாடை?" என்றார். "எங்க அப்பா சாடை சார்" என்றாள் அவள்.

இந்த டிக்கெட்டெல்லாம் கொடுக்கிறவள் மெர்சலின். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு மாஸ்டர் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பதும், இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்குவதும் அவள் ஒருத்திதான், பத்து வருஷமாக. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே வள்ளத்தில் மூன்று பேர் போனார்கள்: அவள் புருஷன் தஸ்நேவிஸ், அவன் தம்பி கிளாரன்ஸ், சூசை என்கிற வயசாளி. வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. சூசையும் கிளாரன்சும் முதல் கப்பலிலேயே வந்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக ஒரு வியாழக்கிழமை தப்பாமல் வருகிறார்கள், தஸ்நேவிஸ் மட்டும் வரவில்லை. நூறு வீட்டுக்கும் பதில் கிடைத்த ஊரில் அவள் ஒருத்திக்குக் கிடைக்கவில்லை, வெள்ளைச் சேலை கட்டவும் முடியவில்லை, கலர்ச் சேலை கட்டினால் பேசாமல் இருக்கவும் ஊருக்கு முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

போதாக்குறைக்கு வியாகப்பன். ஸ்டேஷனை அடுத்த ரயில்வே கேட்டில் கேட் கீப்பர், பெண்டாட்டி செத்து ஆறு வருஷம், சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷன். வண்டி போனதும் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்து கவுண்டர் ஜன்னலில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு, "குடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் போவான். நாலு வருஷம் இந்த ஒரு வார்த்தையே நடந்து, ஐந்தாம் வருஷம், "நாம கட்டிக்கிடலாமா?" என்று இன்னும் இரண்டு வார்த்தை சொன்னான். அவளுக்குச் சம்மதம். சம்மதம் என்ன சம்மதம், முப்பத்தொன்பது வயசில் அவளுக்கு அந்த டம்ளர்தான் உலகம். பங்குச்சாமியிடம் போனார்கள். ஏழு வருஷம் கழிந்தால் சர்க்காருக்குப் போதும், கோயிலுக்குப் போதாது, செத்ததற்கு அடையாளம் வேண்டும் என்றார் சாமி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ஆயர் இல்லத்துக்கு இத எழுத முடியாது, ஆனா உன் வீட்டுக்காரன் ஒரே ஒரு தடவ கப்பல்ல வந்து இறங்கட்டும், நான் கல்யாண ஓலை வாசிச்சிருதேன்." அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் புருஷன் செத்தவனாக வரவேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தாள், அப்படி எதிர்பார்க்கிறோமே என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாவசங்கீர்த்தனம் பண்ணினாள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. டவுனிலிருந்து வருகிற ஒன்பது பத்து வண்டி வந்து நின்றது, அதே வண்டிதான் ஒன்பது நாற்பதுக்குத் திரும்பிப் போகும். குடும்பங்களெல்லாம் துறைமுக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, வண்டிக்கு முதுகு காட்டி நிற்க, கடைசிப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கினான். வெள்ளைச் சட்டை, ஷூ, கழுத்தில் நீல நாடாவில் ஒரு அட்டை, டவுனில் பெரிய ஜவுளிக்கடைகளில் வேலைக்கு நிற்கிறவர்கள் மாட்டுவார்களே அந்த அட்டை. நேரே கவுண்டருக்கு வந்து டிக்கெட்டை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"ஏளா மெர்சி" என்றான்.

திருநெல்வேலியிலிருந்து முத்தாரந்துறை, அன்றைய தேதி. அவள் டிக்கெட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு அப்படியே இருந்தது.

"வள்ளம் கவுந்துட்டு. கிளாரன்ஸ் கையப் பிடிச்சிருந்தேன், கடைசில விட்டுட்டேன் மெர்சி. எவனோ கேரளாக்காரன் போட்டுல தூக்கிப்போட்டான். தம்பிய விட்டுட்டு நான் மட்டும் வந்து எங்க அம்ம மூஞ்சில எப்படி முழிக்கது? டவுன்லயே இருந்துட்டேன். இப்பம் கடைக்கு ஒரு வாடிக்கக்காரி வந்து சொன்னா, இங்க கப்பல்ல செத்தவங்கள்லாம் வாராங்கன்னு. அவன ஒருவாட்டி பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

டவுன்லயே இருந்துட்டேன். மெர்சலினுக்கு அந்த இரண்டு வார்த்தைக்குமேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஐம்பத்தஞ்சு நிமிஷம்! பத்து வருஷமாக அந்த ஊருக்குத் தன் கையால் எத்தனை டிக்கெட் கிழித்திருப்பாள், எத்தனை தடவை தானே போய் அந்த ஜவுளிக்கடைகளுக்கு முன்னால் நடந்திருப்பாள். பதினோரு கிறிஸ்துமஸ், பதினோரு கல்லறைத் திருநாள், புருஷன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழியில் ஏற்றுவது என்று விழித்தது, எல்லாம் ஐம்பத்தஞ்சு நிமிஷத் தூரத்தில். அவன் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருந்தது, யாரோ பொறுமையாகத் தைத்த தையல். எவள் கை அது என்று அந்தப் பொத்தானையே பார்த்தாள்.

வாயைத் திறப்பதற்குள் துறைமுக ரோட்டில் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஸ்டேஷன் நிறைந்தது, குழாயடி நிறைந்தது. கிளாரன்ஸ் வழக்கம்போல முன்னால் வந்து, கவுண்டர் முன் நின்ற தஸ்நேவிஸ் பக்கத்தில் வரிசையில் நின்று, அட்டையைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்து, "நீங்களும் நம்ம கப்பல்தானா? பாத்ததே இல்லயே!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். தஸ்நேவிஸ் தேம்பிவிட்டான். அவர்களுடைய தாய் சபீனம்மா இரண்டு மகன்களையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள்.

"மெர்சி, வந்துட்டாவளா! உங்க அவிய வந்துட்டாவ, பாரு!"

"மாதா கண்ணத் தொறந்துட்டா."

"இனியாவது உனக்கு ஒரு விடிவு வரட்டும் மக்கா."

கேட்டடியில் நின்ற வியாகப்பன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. செத்தவனைப் பார்த்து மலர்ந்துவிட்டோமே என்று உடனே கொடியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இவர் கப்பலில் வரவில்லை, ரயிலில் வந்தார், இதோ டிக்கெட் என்று மெர்சலின் காட்டினால் போதும். வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள், முதலில் டிக்கெட் கொடுத்து முடிப்போம், அப்புறம் சொல்லுவோம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கை பழக்கத்தில் ஒரு ரிட்டன் டிக்கெட்டை எடுத்துப் புருஷனிடம் நீட்டியது. வரிசை முடிந்தபோது வண்டி போய்விட்டது.

வண்டிக்குள் நடந்ததைப் பிற்பாடு ஊரே சொன்னது. சபீனம்மா எதிர் சீட்டில் உட்கார்ந்து, மூத்த மகனைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பொறுக்கமாட்டாமல், "அம்மா, நான்தாம்மா! நான் சாகல" என்றிருக்கிறான். பெட்டி முழுக்கக் குலை நடுங்கிப்போயிற்று. ஐயோ, இவனுக்கு ஞாபகம் வருகிறதே, மரியானைப்போல இவனும் தண்ணீராகப் போகப்போகிறானே என்று, பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று, சபீனம்மா முகத்தை வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திருப்பினாள். "வெளிய பாருங்க சார், வாழைத் தோட்டம் வருது பாத்தியளா" என்றாள். அவன் எழுந்து ஒவ்வொருவரிடமும் போனான், சித்தப்பாவிடம், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனிடம், ஞானஸ்நானத் தகப்பனிடம். ஒவ்வொருவரும் கண்ணீர் ஒழுக ஒழுக முகத்தைத் திருப்பி, "ஆறு வரப்போவுது சார்" என்றார்கள், "வெயில் சாஸ்தியா இருக்கு சார்" என்றார்கள். பாசத்தில்தான். அத்தனை பேரும் அவ்வளவு பாசமாகத் திரும்பிக்கொண்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? பாலத்தில் மற்றவர்களோடு வரிசையாக நின்று ஆற்றைப் பார்த்தானாம். டவுன் அவன் ஊர்தான், அவன் வேலை பார்த்த கடை கூப்பிடு தூரம்தான், இறங்கி நடந்திருக்கலாம். கிளாரன்ஸ் கையை விடவில்லை.

இங்கே பகல் முழுக்க மெர்சலின் கவுண்டரில் அந்த ஒற்றை டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி ஸ்கூட்டரில் வந்து, "கேள்விப்பட்டேன். கர்த்தர் பெரியவர். ஞாயித்துக்கிழமையே மொத ஓலை வாசிச்சிருதேன்" என்று சொல்லிப் போனார். சாமி, அவர் சாகல என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அவள் "சரி சாமி" என்றாள், அதற்கு இரண்டே வார்த்தை ஆயிற்று. வியாகப்பன் டீயை வைத்துவிட்டு, போகாமல் நின்று, "அழுதா அழுதுக்கிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றான். அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மனுஷனை விட்டுவிட்டு இனி அந்த மனுஷனுக்குச் சோறு பொங்கணுமா என்றுதான் வந்தது. செத்திருக்கலாமே என்று கோபத்தில் யாரும் நினைப்பதுதான், அவளும் நினைத்தாள், நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

நாலே முக்கால் வண்டியில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி, அடுத்து டவுனுக்கு மறுநாள் காலைதான். தஸ்நேவிஸ் ஜன்னலுக்கு வந்தான். காலையில் வந்தவன்போல இல்லை, முகத்தில் ரத்தமே இல்லை, ஒரு கை கிளாரன்ஸ் கைக்குள் இருந்தது.

"எல்லாரும் என்னச் செத்தவன்னு நெனைக்காவ மெர்சி. எங்க அம்மயே மூஞ்சத் திருப்பிட்டா. எனக்கே இப்பம் ஒரு மாதிரியா இருக்கு. தாகமா இருக்கு, எவ்வளவு குடிச்சாலும் அடங்கல." ஜன்னல் கம்பியை மற்றக் கையால் பிடித்தான். "இவன் கைய நான் ரெண்டாந்தரம் உதற முடியாது. நீ ஒருவாட்டி என் பேரச் சொல்லிக் கூப்பிடு, போதும். உனக்குத்தான் தெரியும் நான் வண்டில வந்தது. நீ கூப்பிட்டா நான் நின்னுருவேன். கூட வாழ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கூப்பிடு."

"இத்தன நாளு பேரில்லாமத்தான இருந்திய" என்று சொல்ல வந்தாள். அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் புருஷனிடம் பேசியதாகிவிடும்.

"கப்பல் ஆறு மணிக்கு, சார்" என்றாள்.

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

கப்பல்காரர்களைத் துறைமுகக் கேட் வரைக்கும் ஊரே கூட நடந்து வழியனுப்புவது வழக்கம். பாட்டுப் பாடாமல், அழாமல், கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை அனுப்புகிறதுபோலத்தான் அனுப்புவார்கள். அன்றைக்குத் தஸ்நேவிஸ் நடந்தான், ஒரு பக்கம் கிளாரன்ஸ், நாலடி தள்ளி சபீனம்மா "பாத்துப் போங்க சார், கல்லு கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே வர, சொந்தம் முழுக்க அவனைச் சுற்றிலும் தொடாமல் அணைத்தாற்போல வர, அவனை அவ்வளவு அன்பாக அந்த ஊர் கல்யாணத்தன்றுகூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை. கேட்டில் காவலர் நீல நாடாவைப் பார்த்து உள்ளே விட்டார். மெர்சலின் கவுண்டரைப் பூட்டாமல் ஓடினாள். கூட்டத்தை விலக்கிக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படிக்கட்டில் வெள்ளைச் சட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன, நடுவில் அவன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏறினான். ஒரு தடவை திரும்பினான். கூப்பிடு என்று தனக்குத்தானே சொன்னாள். இரண்டாம் தடவை திரும்பினான். வியாகப்பன் பின்னால் வந்து, வெயிலுக்குத் தன் துண்டை அவள் தலைக்கு மேல் பிடித்தான், தொடாமல். மூன்றாம் தடவை அவன் திரும்பியபோது இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. அவள் வாயைத் திறந்தாள், பேர் நாக்கில் வந்து நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டாள். படிக்கட்டை மேலே இழுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார் சாமி. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நிறுத்தினார். கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை, மெர்சலினும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எங்காவது ஒளிந்து இறங்கியிருப்பான், நீந்தத் தெரியாதவனா, அடுத்த துறையில் கரையேறி டவுன் பஸ் பிடித்திருப்பான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். திங்கள்கிழமை டவுனுக்குப் போய் ஒவ்வொரு ஜவுளிக்கடையாக ஏறி இறங்கி, இடது புருவத்தில் தழும்பு உள்ள ஆள் வேலைக்கு வந்தாரா என்று கேட்டாள். நாலாவது கடையில், வியாழக்கிழமை லீவு போட்டவர்தான், இன்னும் வரல என்றார்கள். அவர் குடியிருந்த இடம் தெரியுமா என்றதற்கு, மேன்ஷனில் தனியாகத்தான் இருந்தார், சட்டைக்குப் பொத்தான்கூட அவரே தைத்துக்கொள்வார் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதாவே, அவரை உயிரோடு எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்து, நான் தெருவில் நின்று அவர் பேரைக் கத்துகிறேன், கல்யாணம் வேண்டாம், வியாகப்பன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை துறைமுக ரோட்டில் கப்பல்காரர்கள் வந்தார்கள். கிளாரன்சும் அவனும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு, இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு. சட்டையில் எல்லாப் பொத்தானும் ஒரே நூலில் இருந்தது. அவன் குழாயில் நிறையக் குடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து குனிந்து உள்ளே பார்த்தான்.

"மேடம், டவுனுக்கு ரெண்டு ரிட்டன். நானும் இவரும்."

புருவத்தில் தழும்பு இருந்தது. கண்ணில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, குறை இல்லை, அவளே இல்லை. டிக்கெட்டை நீட்டிய கையை மெர்சலினால் திரும்ப எடுக்க முடியவில்லை. பதினோரு வருஷமாக வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேசையில் நெற்றியை மோதிக்கொண்டு, தொண்டை கிழிய, மாடு கத்துகிறதுபோல வந்தது. பெண்கள் கவுண்டருக்குள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"அழுவு மெர்சி, நல்லா அழுதுரு. எத்தன வருஷத்து அழுக!"

"இப்பவாது வந்துச்சே. நெஞ்சிலயே வச்சிருந்தா ஆள் தாங்குமா?"

"நான்தான்…" என்றாள் மெர்சலின், "நான்தான்…" அதற்குமேல் வரவில்லை. ஆமா மக்கா, நீதான், நீதான் எல்லாத்தையும் தாங்கினவ என்று அவர்கள் அவள் தலையைத் தடவினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அவன் சங்கடத்தோடு நின்றான். பக்கத்தில் நின்ற சபீனம்மாவிடம் மெதுவாக, "இந்த மேடத்துக்கு என்ன?" என்று கேட்டான்.

"அவ வீட்டுக்காரர் கடல்ல போயிட்டாரு சார்."

"அடப்பாவமே" என்றான் அவன், உண்மையாகவே வருத்தப்பட்டு. "பேரு என்ன அவருக்கு? ஒரு செபம் சொல்லலாம்னுதான்."

சபீனம்மா மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பேரு வேண்டாம் சார். ஆண்டவருக்குத் தெரியும்."

அவன் சரியென்று தலையாட்டி, சிலுவை போட்டு, கண்ணை மூடினான். வண்டி ஊதிவிட்டது, கிளாரன்ஸ் கையை இழுத்தான். அவன் இருங்க என்று சைகை காட்டிவிட்டு, யாரென்றே தெரியாத அந்த மனுஷனுக்காக அவசரப்படாமல், ஒரு வார்த்தை விடாமல் முழுச் செபத்தையும் சொல்லி முடித்தான்.